இரண்டு நீலத்திரைகள்

பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டே கணினியைப் படுக்க வைத்த கதை என்றால் 2021 மார்ச்சையும் 2024 ஜூலையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் திரை நீலமானது உண்மைதான். ஆனால் ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றதற்குக் கொஞ்சமும் உதவாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒரே ஒரு கணினியை நம்பிக் கடை நடத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, 2021 மார்ச் 9 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட். நம் மலேசிய நேரத்துக்கு 10ஆம் தேதி விடிகாலை. கணினி ஒழுங்காகத் திறந்தது, தட்டச்சு செய்தால் ஏற்றுக்கொண்டது. கியோசெரா, ரிக்கோ, ஸீப்ரா பிரிண்டர்கள் சிலவற்றுக்கு அச்சிடச் சொன்ன கணத்தில்தான் நீலத்திரை. பழி பிரிண்டர் மேல் விழ இது போதும். உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருந்தது: அதே கோப்பை பிரிண்டருக்கு அனுப்பாமல் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பார்ப்பது, பிறகு அப்டேட் வரலாற்றில் தேதியைப் பார்ப்பது. சந்தேகம் உறுதியானால் கேபி5000802 என்ற அந்த அப்டேட்டை நீக்கலாம், அச்சு திரும்பிவிடும். மார்ச் 15இல் திருத்தம் வந்தது. பார்கோடும் லோகோவும் அச்சில் காணாமல் போன இன்னொரு கோளாறுக்கு 18ஆம் தேதி மற்றொன்று வந்தது.

இரண்டாவது வேறு வகை. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரத்துக்குப் பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளைக் கேட்டது, மென்பொருள் தந்ததோ 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போய் அது விண்டோஸையே கவிழ்த்தது. 1.27க்குள் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்தில் இணையத்தில் இருந்த கணினிகள் மட்டும் மாட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக இங்கே பல அலுவலகங்கள் அடங்கிக் கிடக்கும் நேரம் அது. கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பியவர்கள் தப்பித்தார்கள்.

விமான நிலையத்துக்கு ஏது சாப்பாட்டு நேரம்? கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளை ஊழியர்கள் கையாலேயே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ சொன்னார். இழப்பீடு குறித்துப் பரிசீலிக்கும்படி மைக்ரோசாப்ட்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் கேட்டுக்கொண்டார். உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாப்ட்டின் கணக்கு.

இங்கே விண்டோஸ் அப்டேட்டை நீக்கிப் பயனில்லை, ஏனென்றால் கோளாறு வந்தது அந்த வாசல் வழியாக அல்ல. மென்பொருளின் புதிய பதிப்பை உடனே ஏற்காமல் ஒரு பதிப்பு பின்தங்கியே இருந்த எச்சரிக்கையான நிறுவனங்களும் விழுந்தன. அந்த ஏற்பாடு இத்தகைய கோப்புகளைக் கட்டுப்படுத்தவில்லை. வாடிக்கையாளருக்கு இதை நான் பெரிய அநீதியாகவே பார்க்கிறேன்.

2021இல் கணினி திறந்தது, உள்ளே போய் நாமே சரிசெய்தோம். 2024இல் திறக்கும்போதே விழுந்தது, மறுபடி திறந்தது, மறுபடி விழுந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் நுழைந்து, 291 என்ற எண் தாங்கிய கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் பிட்லாக்கர் குறுக்கே நின்றது. வட்டைப் பூட்டி வைத்திருக்கும் அது, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் விழுந்திருந்தால் என்ன செய்வது?

இதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைப்பவர்களிடம் நான் வன்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸைத்தான் நினைவூட்டுவேன். 2017 மே 12இல் அது பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

போன மாதம் ஜாலான் துன் சம்பந்தனில் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் அக்காவின் கடையில் அந்த பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தேடினோம். அவருக்கே தெரியாமல் லேப்டாப் பூட்டப்பட்டிருந்தது, சாவி அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் இருந்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. நான் வாசிக்க வாசிக்க, பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினார். ஐந்தாவது தொகுதியில் ஓர் ஏழு ஒன்று போல விழுந்திருந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

"இதை எங்க வைப்பீங்க அக்கா?"

"சாமி மேடைக்குக் கீழ டிராயர் இருக்கு தம்பி. கடைச் சாவியும் அங்கதான் இருக்கு."