ஓரத்தில் ஒட்டுவது எது?

அஞ்சுகிராமம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. வாழைக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார், ஆட்டோ, மினி லாரி என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவார். எஞ்சின் புகை தள்ளினால், ஆயில் தின்றால், கம்ப்ரஷன் போய்விட்டால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: பிஸ்டன் ரிங்கை மாற்று, அதுவும் போதாதென்றால் போர் அடி. எஞ்சினியரிங் இரண்டாம் வருட விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான், லேப்டாப்பில் ஒரு அனிமேஷனை அவரிடம் காட்டினேன். இடுப்பு கொஞ்சம் ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாங்கெல் ரோட்டரி எஞ்சின்.

"இதுல பிஸ்டனே கிடையாது சித்தப்பா. வால்வு கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது."

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாஞ் செரிதான் மக்கா. அந்த மூணு முனையும் செவத்துல ஒட்டிக்கிட்டே போகுதுல்லா, அங்க என்னத்த வச்சு அடைச்சிருக்கான்?"

"ஏதாவது சீல் இருக்கும்."

"அது தேயும்லா?"

அப்போது அவருக்குப் புதிய விஷயங்கள் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டரி எஞ்சினின் ஐம்பது வருட வரலாற்றில் பாதி அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

முதலில் இந்த எஞ்சினின் அழகைச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுச் சாமான்களை வைத்தே சொல்லலாம். சாதாரண எஞ்சின் என்பது உரலும் உலக்கையும். உலக்கை மேலே போய் ஒரு கணம் நிற்கிறது, கீழே வந்து ஒரு கணம் நிற்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடிக்கு நூறு முறை நின்று திரும்புகிறது. அத்தனை எடையை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிடுவதில்தான் அதிர்வு பிறக்கிறது. வாங்கெல் எஞ்சின் ஆட்டுரல் மாதிரி. குழவி தானும் சுழல்கிறது, குழியைச் சுற்றி நகரவும் செய்கிறது. எங்கேயும் நின்று திரும்புவதில்லை. முக்கோண ரோட்டருக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே எப்போதும் மூன்று அறைகள். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்போதே இன்னொன்று அழுத்திக்கொண்டோ எரிந்துகொண்டோ இருக்கும், மற்றொன்று புகையை வெளியே தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் நடுவிலிருக்கும் தண்டு மூன்று சுற்று வந்துவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு சிலிண்டரில் அதற்கு இரண்டு சுற்று காத்திருக்க வேண்டும். இரட்டை ரோட்டர் எஞ்சினில் முக்கியமாக அசையும் உறுப்புகள் மூன்றே மூன்று: இரண்டு ரோட்டர், ஒரு தண்டு. சின்ன உடம்பு, குறைந்த எடை, நிறைய பவர், அதிர்வு இல்லாத ஓட்டம்.

இதைக் கற்பனை செய்த ஃபெலிக்ஸ் வாங்கெல் 1902-ல் ஜெர்மனியின் லார் நகரில் பிறந்தவர். எஞ்சினியரிங் பட்டம் கிடையாது. கிட்டப்பார்வையால் கார் ஓட்டும் லைசென்ஸ்கூட எடுக்கவில்லை. இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், பிறகு எஸ்.எஸ். படையில் பதவியும் வகித்தவர்; போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் அவரைச் சிறையில் வைத்தார்கள். அழகான இயந்திரத்தை யோசித்த மூளை அழகான மனிதனுக்குத்தான் சொந்தமாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

போருக்குப் பிறகு என்எஸ்யு என்ற ஜெர்மன் கம்பெனியோடு சேர்ந்தார். 1957 பிப்ரவரியில் முதல் மாதிரி ஓடியது. அதில் உள்ளே ரோட்டர் மட்டுமல்ல, கூடும் சேர்ந்து சுற்றியது; ஸ்பார்க் பிளக்கை மாற்றவே எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை. அங்கிருந்த எஞ்சினியர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, எளிமையான இன்னொரு வடிவத்தைச் செய்தார். வாங்கெலுக்கு அது பிடிக்கவில்லை. தன் பந்தயக் குதிரையை ஏரில் பூட்டிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டாராம். ஆனால் இன்று உலகம் வாங்கெல் எஞ்சின் என்று சொல்வது பாஷ்கே செய்த அந்த வடிவத்தைத்தான்.

1964-ல் என்எஸ்யு ஸ்பைடர் வந்தது. ரோட்டரி எஞ்சினோடு விற்பனைக்கு வந்த முதல் கார். 1967-ல் ரோ 80. அந்தக் காரின் படத்தைத் தேடிப் பாருங்கள், எண்பதுகளில் வந்த கார் என்றால் நம்புவீர்கள். 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. பிறகு சித்தப்பாவின் கேள்வி வந்து கதவைத் தட்டியது. முக்கோணத்தின் முனைகளில் இருந்த சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி வாரண்டியில் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தது. ரோ 80 ஓட்டுபவர்கள் எதிரெதிரே வரும்போது விரல்களைத் தூக்கிக் காட்டுவார்கள், எத்தனையாவது எஞ்சின் என்பதற்கு அதுதான் கணக்கு என்று ஒரு கதை உண்டு. 1969-ல் என்எஸ்யு ஃபோல்க்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய், ஆடியோடு இணைக்கப்பட்டது. 1977 வரை விற்ற ரோ 80 கார்கள் நாற்பதாயிரத்தைத் தொடவில்லை.

ஏன் தேய்ந்தது? பிஸ்டன் ரிங்குக்கு வாய்த்த வசதி இதற்கு இல்லை. ரிங் வட்டமானது, சிலிண்டரும் வட்டம். இரண்டும் எப்போதும் ஒரே கோணத்தில் சந்திக்கின்றன, கீழிருந்து ஆயிலும் கிடைக்கிறது. ரோட்டரின் முனையிலிருக்கும் சீல் ஒரு மெல்லிய கோட்டில்தான் சுவரைத் தொடுகிறது. சுவர் வளைய வளைய அதன் சாய்வு மாறிக்கொண்டே இருக்கிறது. சீல் அதிர்ந்து, சுவரில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'.

பெயர் வைத்தது ஹிரோஷிமாவிலிருந்த டோயோ கோக்யோ, இன்றைய மாஸ்டா. 1960களின் தொடக்கத்தில் சின்னக் கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு இணைத்துவிடலாம் என்று ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தனியாகப் பிழைக்க வேண்டுமென்றால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் வேண்டும். கம்பெனித் தலைவர் ட்சுனேஜி மட்சுடா ஜெர்மனிக்குப் போய் என்எஸ்யுவோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தார். 1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 எஞ்சினியர்கள் கொண்ட தனிப் பிரிவு உருவானது. எஜமானுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் பழைய கதை அந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சீலுக்குள் துளையிட்டு அதன் அதிர்வை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு கார்பனில் அலுமினியத்தை ஊறவைத்துச் செய்த சீல் கைகொடுத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் ஒரு காஸ்மோ நான்காவதாக வந்தது.

இங்கேயே கதை முடிந்திருந்தால், 'விடாமுயற்சி வெல்லும்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கலாம். முடியவில்லை.

சீல் தேய்வது ஒரு வகைக் குறை. நல்ல உலோகம், நல்ல பூச்சு, பொறுமையான ஆட்கள் இருந்தால் சரியாகும். இன்னொரு குறை வடிவத்திலேயே இருக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் எரியும் இடம் சின்னதாக, திரட்சியாக இருக்கும். ரோட்டரியில் அது நீளமாக, தட்டையாக, ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் இடுக்கு. தீ அதன் கடைசி மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் சூடு வீணாகிறது. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகிறது. சீல் வழுக்கிக்கொண்டு போக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும், அதுவும் எரிகிறது. ஒவ்வொரு வேலையும் கூட்டின் அதே இடத்தில் நடப்பதால் ஒரு பக்கம் எப்போதும் சூடு, மறுபக்கம் எப்போதும் குளிர்ச்சி. இதில் எதையும் கழற்றி மாற்ற முடியாது. நிற்காமல் சுழலும் அந்த முக்கோணம் இருக்கும்வரை அந்த நீள இடுக்கும் இருக்கும். அழகும் குறையும் ஒரே கோட்டால் வரையப்பட்டவை.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது உலகம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. பெரும் பணம் கொடுத்து உரிமம் வாங்கியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1974-ல் ரோட்டரியை ஓரம் கட்டியது. சிட்ரோயன் 847 ரோட்டரிக் கார்களை விற்றுவிட்டு, பிறகு அவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கப் பார்த்தது. மாஸ்டா மட்டும் விடவில்லை. 1978-ல் வந்த ஆர்எக்ஸ்-7, மூன்று தலைமுறைகளில் எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1991 ஜூனில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி முதலில் வந்தது. அதில் வென்ற முதல் ஜப்பானியக் கார் அதுதான். விதிகள் அதற்கு எடைச் சலுகை தந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எரிபொருளுக்கு உச்சவரம்பு வைத்த பந்தயத்தில், பெட்ரோல் குடிக்கும் என்று பெயர்பெற்ற எஞ்சின் 24 மணி நேரம் நின்று ஓடியது. யூடியூபில் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள், இந்தக் கட்டுரை இங்கேயே காத்திருக்கும்.

பந்தயத்தில் வென்றது சாலையில் தோற்றது. 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8 புகைக் கட்டுப்பாடுகளைத் தாண்ட முடியாமல் 2010-ல் ஐரோப்பியச் சந்தையை விட்டது. 2012-ல் உற்பத்தியும் நின்றது.

என் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒன்பது சின்னச் சின்ன நிரல்கள் செய்துவந்த வேலையை ஒரே நிரலாக நான் மாற்றி எழுதினேன். காகிதத்தில் அத்தனை அழகு. ஓடவிட்டதும் பிழைகள் வந்தன, ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஒன்று மட்டும் போகவே இல்லை. மாதக் கடைசியில் எல்லாக் கணக்கும் ஒரே வாசல் வழியாக வந்து நெரியும், எல்லாம் தவழும். "இன்னும் ஒரு பக்தான்" என்று ஒன்றரை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு இரவெல்லாம் உட்கார்ந்த ஒரு பையன் களைத்துப்போய் வேலையை விட்டான். போகும்போதுதான் சொன்னான்: "அண்ணா, அது பக் இல்ல. நீங்க எழுதினதே அப்படித்தான்." எனக்குள் யமமோட்டோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எது தேய்மானம், எது வடிவம் என்று பிரித்துப் பார்க்காத பிடிவாதத்துக்கு விடாமுயற்சி என்று பெயர் வைத்திருந்தேன். அதன் விலையை அந்தப் பையன் கொடுத்தான்.

வடிவத்தை மாற்ற முடியாதபோது வேலையை மாற்றலாம். நம் நாட்டில் நடந்தது அதுதான். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும், டிஆர்டிஓவின் வாகன ஆய்வு நிறுவனமும், வானூர்தி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு வாங்கெல் எஞ்சினை உருவாக்கின. அதைப் பொருத்தியது நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில். எடை ஏறக்குறைய 30 கிலோ, 55 குதிரைத்திறன். 2009 மார்ச்சில் கோலார் விமானத் தளத்தில் அது முதன்முதலாகப் பறந்தது. யோசித்துப் பார்த்தால் இது அதற்கேற்ற இடம். வானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. கீழே படமெடுக்கும் கேமராவுக்கு அதிர்வு ஆகாது. சிக்னலில் நின்று கிளம்பும் தொல்லை இல்லை, பெரும்பாலும் ஒரே சீரான ஓட்டம். கார் மாதிரி லட்சம் கிலோமீட்டர் உழைக்கவும் வேண்டாம். நிஷாந்த் நீண்ட காலம் நிலைக்கவில்லை; விபத்துகளுக்குப் பின் ராணுவம் அதைக் கைவிட்டது. ஆனால் உலகமெங்கும் சின்ன ஆளில்லா விமானங்களில் ரோட்டரி எஞ்சின்கள் இன்றும் பறக்கின்றன.

மாஸ்டாவும் 2023-ல் அதே முடிவுக்கு வந்தது. எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. பேட்டரிக்கு மின்சாரம் தயாரிப்பது மட்டும்தான் அதன் வேலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார், திண்ணையில் உட்கார்ந்து, தூரத்தில் சுற்றும் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முக்கோணம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அந்த முனைக்கி இப்ப என்ன பண்ணியிருக்கான்?"

"முந்தி ரெண்டு மில்லிமீட்டரா இருந்த சீல, இப்ப ரெண்டரை மில்லிமீட்டர் ஆக்கியிருக்கான் சித்தப்பா."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இன்னும் தேயத்தான் செய்யி" என்றார்.