போட்டோ கியாஸ்க் எந்தத் தலைப்பில் வரும்?

சுயசேவை போட்டோ கியாஸ்க் என்பது ஆளுயரப் பெட்டி. உள்ளே ஒரு கணினி, முகப்பில் டச் ஸ்கிரீன், மெமரி கார்டு செருக ஒரு துளை, அடியில் ரோல் பேப்பரும் சாய ரிப்பனும் மாட்டிய பிரிண்டர். இதோடு கேமராவும் திரைச்சீலையும் சேர்ந்தால் போட்டோ பூத். இந்தியாவுக்குள் வரும்போது இவை எந்த எண்ணில் சேரும் என்பதற்கான விடை, 1975-ஆம் ஆண்டு சுங்கக் கட்டணச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சட்ட வாசகத்தை அப்படியே தராமல், அதன் கருத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு பொருள் காண்போம்.

‘தலைப்பின் சொற்களும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே அளவுகோல்’

இது பொது விளக்க விதிகள் ஆறில் முதலாவது. மற்ற விதிகளுக்குப் போவது இதில் விடை கிடைக்காதபோதுதான். நம்மவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே மூன்றாம் விதிக்குப் பாய்ந்து, பொருளின் சாரமான தன்மை எது என்று வாதாடுகிறார்கள். இயந்திரங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வீண் வேலை. குறிப்புகளே வழி சொல்லிவிடுகின்றன. இன்வாய்ஸில் ‘கம்ப்யூட்டர் சிஸ்டம்’ என்று எழுதியிருந்தாலும் அந்தப் பெயரால் எதுவும் முடிவாகாது.

‘தானியங்கித் தரவுச் செயலாக்க இயந்திரம் என்பது யாதெனில்’

84-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் குறிப்பு. 2022 திருத்தத்துக்கு முன் 5-ஆம் குறிப்பாக இருந்தது. நிரலையும் தரவையும் சேமிக்க வேண்டும், பயனர் விருப்பப்படி நிரலை மாற்ற முடிய வேண்டும், கணக்கிட வேண்டும், ஓடும்போதே தர்க்க முடிவெடுத்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். கியாஸ்க்குக்குள் இருக்கும் கணினிக்கு இந்த நான்கும் பொருந்தும். அதனால்தான் இறக்குமதியாளரின் கண் 8471-இன் மேல் விழுகிறது. 1996-இல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்படி அந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது.

ஆனால் அதே குறிப்பின் ‘இ’ உட்பிரிவு கதவைச் சாத்துகிறது. கணினியை உள்ளடக்கியோ கணினியோடு இணைந்தோ வேலை செய்து, தரவுச் செயலாக்கம் அல்லாத வேறொரு பணியைச் செய்யும் இயந்திரம், அந்தப் பணிக்குரிய தலைப்புக்கே போக வேண்டும். படம் அச்சிட்டுக் கொடுப்பது அப்படியொரு பணி. பிரிண்டர் இல்லாமல், படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டரைக் கடையின் பின்னறைக்கு அனுப்ப மட்டுமே பயன்படும் திரை மேடை வந்தால் கதை வேறு. அதற்கு 8471 கேட்பது நியாயமான வாதம்.

‘பல பணிகள் இருப்பின் முதன்மைப் பணியைக் கொள்க’

16-ஆம் பிரிவின் 3-ஆம் குறிப்பு. நம் கேள்விக்கு உயிர்நாடியே இதுதான். ஜெராக்ஸ் இந்தியா இறக்குமதி செய்த பல்பணி இயந்திரங்களைச் சுங்கத்துறை 8479-இல் வைத்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அச்சிடுதலே முதன்மைப் பணி என்று கண்டு, இறக்குமதி நடந்த காலத்து அட்டவணையில் பிரிண்டர்கள் இருந்த 8471.60-இல் சேர்த்தது. ஆனால் 2007 திருத்தத்தில் பிரிண்டர்கள் 8443-க்குக் குடிபெயர்ந்துவிட்டன. அதே தர்க்கத்தை இன்று பின்பற்றினால் எண் மாறிவிடும். பழைய தீர்ப்பைக் காட்டி 8471 கேட்பவர், தீர்ப்பு எந்த ஆண்டு அட்டவணையைப் பற்றியது என்று பார்க்கட்டும்.

8443-க்குள்ளும் ஒரு கவை உண்டு. அச்சு மட்டும் போட்டு, கணினியோடோ நெட்வொர்க்கோடோ இணையக்கூடியது 8443.32. பழைய போட்டோவை வைத்து நகலெடுக்க ஸ்கேனரும் இருந்தால், அச்சும் நகலும் சேர்ந்து 8443.31 பக்கம் சாயும். வாங்கும் மாடலில் ஸ்கேனர் உண்டா என்ற சின்ன விவரத்துக்கு இவ்வளவு பலன்!

போட்டோ பூத்தில் சிக்கல் கூடுகிறது. ஃபிலிமில் எடுக்கும் கேமராவுக்கு 9006; டிஜிட்டல் கேமராவுக்கு 8525. டிஜிட்டல் பூத்தில் படமெடுப்பது முதன்மையா, அச்சிடுவது முதன்மையா? தீர்மானிக்கவே முடியாவிட்டால் மூன்றாம் விதியின் கடைசி உட்பிரிவு, எண் வரிசையில் பின்னால் வருவதை எடுக்கச் சொல்கிறது. 8443-க்குப் பின் 8525.

‘தனித்தனிப் பாகங்கள் சேர்ந்து ஒரே பணி செய்யின்’

இது அதே 16-ஆம் பிரிவின் 4-ஆம் குறிப்பு. திரை ஒரு பெட்டியில், பிரிண்டர் இன்னொன்றில், கேபிளால் இணைப்பது என்று ஒரே சரக்காக வந்தால், முழுத் தொகுதியும் அந்தப் பணிக்குரிய தலைப்பில் சேரலாம். பிரிண்டர் மட்டும் தனியாக வந்தால் அது பிரிண்டரே.

இனி மென்பொருள். ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியே வந்தால் அதற்குத் தனித் தலைப்பு இல்லை, இயந்திரத்தோடு போகும். பென் டிரைவில் தனியே வந்தால் 8523. இணையத்தில் இறக்கிக்கொண்டால் பில் ஆஃப் என்ட்ரியே கிடையாது. மின்வழி அனுப்பல்களுக்குச் சுங்க வரி இல்லை என்ற வழக்கம் உலக வணிக அமைப்பில் 1998-இல் தொடங்கியது. ஐஜிஎஸ்டி பொறுப்பு தனி.

கணினியில் ஏற்றிய மென்பொருளின் விலையைக் கணினியின் மதிப்பில் சேர்க்க வேண்டாம் என்ற 2004-ஆம் ஆண்டு தீர்ப்பைச் சிலர் காட்டுவார்கள். புதுச்சேரி கலால் ஆணையருக்கும் ஏசர் இந்தியாவுக்கும் இடையே நடந்த அந்த வழக்கு கலால் வரி பற்றியது. இறக்குமதிக்கு 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் இருக்கின்றன. உரிமக் கட்டணம் செலுத்தினால்தான் இயந்திரம் தருவேன் என்று விற்பவர் நிபந்தனை வைத்திருந்தால், 10-ஆம் விதிப்படி அந்தத் தொகையும் மதிப்பில் ஏறும்.

2011 முதல் வரியைக் கணக்கிட்டு அறிவிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. ஐயமிருந்தால் சுங்கச் சட்டம் 28எச் பிரிவின்படி முன்தீர்ப்பு கேளுங்கள். மனுவோடு விளம்பரத் தாளை மட்டும் வைக்காமல், பாகப் பட்டியலையும் பிரிண்டர், ஸ்கேனர் விவரங்களையும் மென்பொருள் ஒப்பந்தத்தையும் இணையுங்கள். அதையும் சரக்கு கப்பலேறும் முன்பே செய்யுங்கள்.