வேலூர் தாய்-சேய் உளநல ஆய்வுகள்

வேலூர் தாய்-சேய் உளநல ஆய்வுகள் என்பவை, குழந்தையின் முதல் ஆண்டுகளில் அமையும் சூழல் அதன் உடல் வளர்ச்சி, மூளை, அறிதிறன் ஆகியவற்றோடு எவ்வாறு தொடர்புடையது என்பதை அறிய, தமிழ்நாட்டின் வேலூர் நகரிலும் அதனை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்திலும் நடத்தப்பட்ட ஆய்வுகள் ஆகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவற்றை மேற்கொண்டனர். ஒரு கைக்குழந்தையின் முதன்மையான சூழல் அதன் தாயே என்பதும், தாயின் உளநலம் அவரைச் சுற்றியுள்ள குடும்பத்தையும் வருவாயையும் சார்ந்தது என்பதும் இவ்வாய்வுகளிலிருந்து தெரியவருகின்றன.

பின்னணி

வேலூர் நகரின் தெற்கே அமைந்துள்ள பாகாயத்தில் இக்கல்லூரியின் வளாகமும், சமுதாய நலத் துறையும், மனநல மையமும் உள்ளன. இங்கு உளமருத்துவப் பணி 1957ஆம் ஆண்டில் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது இம்மையத்தின் சிறப்பாகும். சமுதாய நலத் துறையின் களப்பணியாளர்கள் கணியம்பாடி ஒன்றியச் சிற்றூர்களில் வீடுதோறும் சென்று கருவுற்ற பெண்களையும் பிறப்புகளையும் பதிவு செய்து வந்தனர். இப்பதிவுமுறையே இங்கு நடந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமைந்தது.

மன அழுத்தமும் மூளையும்

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. நெருக்கடி நீங்கியதும் கார்ட்டிசால் அளவு குறைவது இயல்பு. அழும் குழந்தையை ஒருவர் எடுத்து அணைத்து ஆற்றும்போதும் இதுவே நிகழ்கிறது. ஆற்றுவார் இன்றி நெருக்கடி நீடித்தால், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ், அச்சத்தை உணரும் அமிக்டலா, தன்னடக்கத்திற்குரிய முன்நெற்றிப் புறணி ஆகிய பகுதிகளின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். குழந்தைப்பருவத்தில் துன்பம் மிகுந்திருந்தோருக்குப் பின்னாளில் உளச்சோர்வும் போதைப் பழக்கமும் கூடுதலாகக் காணப்பட்டதை 1998ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

கணியம்பாடி ஆய்வுகள்

2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கணியம்பாடி ஒன்றியத்தைச் சேர்ந்த 359 பெண்கள் கருவுற்ற இறுதி மூன்று மாதங்களிலும், பின்னர் மகப்பேற்றுக்குப் பிந்தைய 6 முதல் 12 வாரங்களிலும் நேர்காணல் செய்யப்பட்டனர். மகப்பேற்றுக்குப் பின் புதிதாக உளச்சோர்வு தோன்றிய விகிதம் 11 விழுக்காடாக இருந்தது. அதனோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்ட காரணிகள் பின்வருமாறு:

* குறைந்த வருமானம்
* ஆண் குழந்தையை எதிர்பார்த்த நிலையில் பெண் குழந்தை பிறத்தல்
* மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல்
* கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள்
* வேலைகளில் கைகொடுக்க ஆள் இல்லாமை

இவற்றுள் எதுவும் தாயின் குறை அன்று என்பது கருதத்தக்கது.

2004ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, ஊட்டக்குறைவுற்ற 72 குழந்தைகளை, வயது, பால், வாழிடம் ஆகியவற்றில் ஒத்த 72 குழந்தைகளுடன் ஒப்பிட்டது. ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் உளச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. இதனால், எடை குறைந்த குழந்தையைக் காணும் மருத்துவர் தாயின் மனநிலையையும் கேட்டறிய வேண்டியதன் தேவை புலப்பட்டது. இதற்குப் பயன்படும், பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்த ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியானது.

மால்-எட் ஆய்வு

மால்-எட் என்பது எட்டு நாடுகளில் நடந்த பன்னாட்டு ஆய்வாகும். இந்தியாவில் இதன் களம் வேலூர் ஆகும். பீடி சுற்றும் தொழிலை நம்பிய குடும்பங்கள் மிகுந்த, நெருக்கமான நகர்ப்பகுதிகளில் 2010 முதல் 2012 வரை 251 பச்சிளங் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். இரண்டு வயது வரை பணியாளர்கள் வாரம் இருமுறை வீடுகளுக்குச் சென்றனர். நோய், உணவு, உயரம், இரும்புச்சத்து, இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஆகியவற்றுடன், வீட்டுச் சூழலும் தாயின் மனநிலையும் பதிவு செய்யப்பட்டன. பின்னர் ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் குழந்தைகளின் அறிதிறன் அளக்கப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் உயர வளர்ச்சி குன்றி, அந்நிலை நீடித்த குழந்தைகள் அறிதிறன் தேர்வுகளில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். இரும்புச்சத்துக் குறைவும் ஈயத்தின் மிகுதியும் இவ்வாறே குறைந்த மதிப்பெண்களுடன் தொடர்பு காட்டின. மறுபுறம், பேச்சும் விளையாட்டும் அரவணைப்பும் நிறைந்த வீட்டுச் சூழல் நல்ல அறிதிறனுடன் தொடர்புற்றிருந்தது.

முடிவுகளின் வரம்பு

மேற்கண்டவை கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகள். இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை உறுதிப்படுத்துவதில்லை. வறுமை தாயின் உளநலத்தையும் குழந்தையின் உணவையும் ஒருசேரத் தாக்குவதால் இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

இவ்வகையில் செயல்முறைச் சோதனைகள் துணைபுரிகின்றன. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களது அறிதிறன் காப்பகக் குழந்தைகளைவிட மேம்பட்டது. இளவயதிலேயே குடும்பம் பெற்றோர் கூடுதல் பயனடைந்தனர்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிச் சிற்றூர்களில் உளச்சோர்வுற்ற தாய்மாருக்கு ஊர் நலப்பணியாளர்களே உளவழிப் பயிற்சி அளித்தனர். 2008ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் உளச்சோர்வு நீடித்தோர் பயிற்சி பெற்றவர்களுள் 23 விழுக்காடும், பெறாதவர்களுள் 53 விழுக்காடும் ஆவர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. எனினும் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே தாயின் உளநலம் பேணுவதோடு உணவும் தூய்மையும் சேர்ந்தே அமைய வேண்டியுள்ளது.

இளமைத் துன்பம் மாற்ற இயலாத தலைவிதி அன்று. உரிய காலத்தில் கிடைக்கும் அரவணைப்பு அதன் விளைவுகளைக் குறைக்கவல்லது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தாய்மாரும் குடும்பத்தினரும் உளநல ஆலோசனை பெறலாம்.