விளைநிலத்தில் கல்யாண விருந்து நடத்தலாமா? நியூ ஜெர்சி வகுத்த கணக்கு

திராட்சைத் தோட்டம், மாலை வெயில், கையில் வைன் கிண்ணம்... கல்யாணம் செய்ய அருமையான இடம், இல்லையா?

ஆனால் "இங்கே விவசாயம் மட்டும்தான்" என்ற நிபந்தனைக்காக அந்த நிலத்துக்கு ஏற்கெனவே வரிப்பணம் கொடுக்கப்பட்டிருந்தால்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பல ஆண்டு நீடித்த கேள்வி இது.

நிலத்தை எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் ஆக அதிகமுள்ள மாநிலம் நியூ ஜெர்சி. வயல்கள் எல்லாம் வீடுகளாகிவிடாமல் தடுக்க 1983இல் சட்டம் வந்தது.

பெரும்பாலும் அரசாங்கம் நிலத்தை வாங்குவதில்லை. அதில் வீடோ கடையோ கட்டும் உரிமையை மட்டும் விலைகொடுத்து வாங்குகிறது. நிலம் விவசாயியிடமே இருக்கும். நிபந்தனை பத்திரத்தில் ஏறிவிடும். நிலம் கைமாறினாலும் அது மாறாது.

வைன் தயாரிப்பு விவசாயமா?

ஆமாம். திராட்சையை வளர்த்து, பிழிந்து, வைன் ஆக்கி, வருவோருக்கு ருசி காட்டி விற்பதுவரை விவசாயத்தில் சேரும்.

கல்யாணமும் பிறந்தநாள் விருந்தும் சேருமா? அங்கேதான் சிக்கல்.

"கொடி காய்க்கவே சுமார் 3 ஆண்டு ஆகும். ஒரு பனியில் மொத்த விளைச்சலும் போகலாம். விருந்து வருமானம் கைகொடுக்கும்" என்பது தோட்டக்காரர்கள் பக்க நியாயம்.

இரைச்சல், வாகன நெரிசல் என்பது அக்கம்பக்கத்தாரின் கவலை. முழு விலை கொடுத்து நிலம் வாங்கிய விருந்து மண்டபங்களுக்கு இது நியாயமான போட்டியா என்ற கேள்வியும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2014இல் வைன் தோட்டங்களுக்கு மட்டும் ஒரு முன்னோடித் திட்டம் வந்தது. அதன்படி விருந்து வருமானம் மொத்த ஆண்டு வருமானத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கவேண்டியிருந்தது.

2023இல் வந்த சட்டம், பாதுகாக்கப்பட்ட மற்றப் பண்ணைகளுக்கும் கதவைத் திறந்தது. முக்கிய விதிகள்:

- ஆண்டுக்கு அதிகபட்சம் 26 நிகழ்ச்சிகள்
- அவற்றில் 6இல் மட்டுமே 250 பேரோ அதற்கு மேலோ கூடலாம்
- 10 ஏக்கர் அல்லது பண்ணையில் 10 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அந்த இடத்துக்குள் நடத்தவேண்டும்
- பண்ணையின் ஆண்டு விளைச்சல் குறைந்தது 10,000 அமெரிக்க டாலர் மதிப்பில் இருக்கவேண்டும்
- விருந்துக்கென்று புதிய நிரந்தரக் கட்டடம் கூடாது

யார் கண்காணிப்பது?

கட்டும் உரிமையை வாங்கி வைத்திருக்கும் அமைப்பிடம் பண்ணைக்காரர் முதலில் அனுமதி பெறவேண்டும். அது வட்டார நிர்வாகமாக இருக்கலாம். மாநில வேளாண் மேம்பாட்டுக் குழுவாகவும் இருக்கலாம். விதியை மீறினால் அபராதம் உண்டு. அனுமதி நிறுத்திவைக்கப்படலாம்.

இதில் என்ன இருக்கிறது?

வருமானமே இல்லையென்றால் விவசாயி நிலத்தை விட்டுப் போய்விடுவார். விருந்து வருமானம் எல்லைமீறினால், வரிப்பணத்தில் காப்பாற்றிய வயல் விருந்து மண்டபமாகிவிடும்.

ஆண்டுக்கு 52 வாரம். 26 அதில் சரிபாதி. மீதி வாரங்களில் அங்கே கொடிக்குத்தான் வேலை.