பதுமையிடம் பயின்ற மருத்துவம்

சிங்கப்பூரில் கிளமெண்டிச் சாலையை ஒட்டிய கென்ட் ரிட்ஜ் குன்றின்மீது தேசியப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அதன் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி, 1905ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. அங்கே பாவனைப் பயிற்சிக்கெனத் தனி நடுவம் உண்டு. இத்தகைய நடுவங்களில் நோயாளியின் கட்டிலில் ஒரு பதுமை படுத்திருக்கும். அதன் மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். அடுத்த அறையிலிருக்கும் ஆசிரியர் கணினி வழியே அந்நாடியை நிறுத்துவார். மாணாக்கர் ஓடிவந்து அதனை உயிர்ப்பிக்க முயல்வர். தவறு செய்தால் பதுமை இறக்கும், மறுபடியும் எழும்.

இதனை மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்பார் சிலர். நம் நாட்டார் அன்றே கண்டது என்று பெருமை பேசுவார் வேறு சிலர். வரலாற்றை நோக்கின் இரண்டும் முழு உண்மையாகா.

பழம்பெருமை பேசுவோர்க்குச் சான்று இல்லாமல் இல்லை. வடமொழியில் அமைந்த சுசுருத சங்கிதையின் முதற்பகுதியில் ஒன்பதாம் இயல் முழுவதும் கைப்பயிற்சியைப் பற்றியதே. நூலெல்லாம் கற்றவனும் கைப்பயிற்சி இல்லாவிடின் சிகிச்சைக்கு உரியவனல்லன் என்பது அவ்வியலின் கருத்து. அறுக்கப் பழகுவதற்குப் பூசணியும் சுரையும் வெள்ளரியும். பிளக்கப் பழகுவதற்கு நீர் நிறைத்த தோற்பை. குருதி நாளத்தைத் திறக்க இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். சலாகை செலுத்தப் புழு அரித்த மரமும் மூங்கிலும். உள்ளே தைத்த பொருளை எடுக்கப் பலாச் சுளையும் வில்வப் பழமும். தையலுக்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுக் கட்டப் பழகுவதற்கு, செய்து வைத்த மனித உருவம் ஒன்றையே அந்நூல் கூறுகிறது. அடுக்களைக் காய்கறி கொண்டு அறுவை கற்பித்த அந்த ஆசிரியரின் நுட்பத்தை எத்துணைப் பாராட்டினும் தகும். எச்செயலுக்கு எப்பொருள் ஒக்கும் என்று தேர்ந்தாரே, அதுதான் கற்பித்தற் கலை.

சீனத்தில் 1027ஆம் ஆண்டில் வாங் வெய்யி என்பார் ஊசி மருத்துவம் பயிற்ற வெண்கல மனிதனை வார்ப்பித்தார். பிரான்சில் 1759ஆம் ஆண்டில் அரசனின் ஆணை பெற்ற தூ கூத்ரே அம்மையார், துணியாலும் தோலாலும் செய்த பதுமையுடன் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறு பார்க்கக் கற்பித்தார்.

ஆயினும் இவை பொதுவழக்காக நிலைக்கவில்லை. பெரிய மருத்துவமனைகள் எழுந்தபின் மாணாக்கருக்குப் பதுமை எதற்கு? இலவசப் பிரிவில் நோயாளிகள் இருந்தனர். ஒருமுறை பார், ஒருமுறை செய், பிறகு பிறர்க்குக் கற்பி என்பதே மருத்துவக் கல்வியின் எழுதாத விதியாயிற்று. செல்வர்க்குத் தேர்ந்த கைகள். பழகும் கைகளோ ஏழைக்கு. வெளிப்படச் சொன்னால், ஏழையின் உடலே சுரைக்காயாயிற்று. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எம்மனோர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

அறத்தை ஒதுக்கிவைத்தாலும், அவசர மருத்துவத்திற்கு இம்முறை போதாது. காய்ச்சல்காரரை மாணாக்கன் பத்து நாள் பார்த்துக் கற்கலாம். நின்றுபோன இதயம் பத்து நிமிடமும் தராது. உதவி கிட்டாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கிறது. அன்றியும், அரிய விபத்து மாணாக்கன் பணியில் இருக்கும் நாள் பார்த்து வருவதில்லை. வந்தாலோ, கற்பிக்க அங்கே எவர்க்கும் பொழுதில்லை.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க முன்வந்தவர் மருத்துவரல்லர், பொம்மை செய்பவர். 1950களில் பீட்டர் சாபர் என்னும் மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறை பயன்படும் என்று மெய்ப்பித்தார். அவர் ஆய்வுக்கு உடன்பட்ட தொண்டர்கள், மருந்தினால் மூச்சு நிறுத்தப்பட்டுப் படுத்திருந்தனர். 1960இல் மார்பை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையும் வெளியாயிற்று. ஆனால் நலமாயிருப்பவர் மார்பில் இதைப் பழக முடியுமா? எலும்பு முறியும். நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் மென்பிளாஸ்டிக் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், நீரில் மூழ்கிய தம் மகனைக் காப்பாற்றிய தந்தை. அவர் 1960இல் ‘ஆன்’ என்னும் பதுமையை உருவாக்கினார். அதன் முகம், பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்தவள் என்று கதை வழங்கும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகவார்ப்பைத் தழுவியது. பின்னர் மார்பில் வில் பொருத்தப்பட்டது. அந்த முகத்தில் மூச்சு ஊதிப் பழகியோர் உலகெங்கும் கோடிக்கணக்கானோர்.

1967இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், கணினியால் இயங்கும் ‘சிம் ஒன்று’ என்னும் பதுமை தோன்றியது. அதை ஆக்கிய இருவருள் டென்சன் மயக்க மருத்துவர், ஏபிரகாம்சனோ கல்வியியலார். ஆசிரியர் இனம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது. செலவு மிகுதியால் அது பரவவில்லை.

இதுவரை பேசப்பட்டது கைத்திறன். அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு என்பதை உணர்த்தியது விமானத்துறை. 1977 மார்ச் 27ஆம் நாள் தெனரீப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். ஓடுபாதையில் மற்றொரு விமானம் இருக்கிறதோ என்று பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். மூத்த தலைமை விமானி அதனைப் பொருட்படுத்தவில்லை. இதன்பின் குழுவாக இயங்கவும், இளையவர் தயங்காது சொல்லவும், மூத்தவர் செவிகொடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கலாயினர். ஸ்டான்போர்டில் டேவிட் கபா என்னும் மயக்க மருத்துவர் அப்பயிற்சியை மருத்துவத்திற்குக் கொணர்ந்தார். சுசுருத நூலின் அவ்வியலில் இல்லாத புதுமை இதுவே. பெரியவர் தவறினாலும் வாய் திறவாமையைப் பணிவெனக் கருதும் நம்மவர்க்கு, இது இன்றியமையாதது என்பேன்.

பயிற்சி முடிந்ததும் குழுவினர் வட்டமாக அமர்ந்து, நடந்ததை அசைபோடுவர். எதைக் கண்டாய், என்ன நினைத்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று ஆசிரியர் வினவுவார். பயிற்றுப்பணி முடிந்த மாணவ ஆசிரியரிடம் நாம் பேசும் பேச்சும் இதுதானே! அதே ஸ்டான்போர்டில் 1963இல், சிறு பாடம் நடத்தி, அதைப் பதிவில் பார்த்துத் திருந்தும் நுண்ணிலைக் கற்பித்தல் தோன்றியமை ஈண்டு நினைக்கத்தக்கது. அப்பேச்சு இல்லையேல் எத்துணை விலையுயர்ந்த பதுமையும் வெறும் பொம்மையே.

சிங்கப்பூரில் அவசர மருத்துவம் தனித்துறையாக 1984இல் ஏற்கப்பட்டது. ஈராண்டில், 1986 மார்ச் 15 அன்று, சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து விழுந்து 33 பேர் இறந்தனர். 17 பேர் மீட்கப்பட்டனர். பேரிடர் வருமுன் ஒத்திகை பார்க்கும் வழக்கமும் இங்கே வேரூன்றியது. 2006 ஜனவரியில் பெருவிரைவு ரயில் நிலையங்களில் குண்டு வெடித்ததாகப் பாவித்து ‘நார்த்ஸ்டார்’ ஒத்திகை நிகழ்ந்தது. 2015இல், அருகில் இதயம் நின்றவருக்கு உதவப் பொதுமக்களையே அழைக்கும் கைப்பேசிச் செயலியைக் குடிமைத் தற்காப்புப் படை வெளியிட்டது. ஆகவே பதுமை இன்று மருத்துவ மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று.

இங்கே தமிழாசிரியர்க்கும் ஒரு வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன், 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ வண்டி வந்து சேர நெடுநேரமாகும் தோட்டங்களில் முதலுதவியைத் தமிழில் சொல்லித்தர வேண்டியவர் நாமே. மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்திற்கு இருமுறை மூச்சு. வாய்விட்டு எண்ணும்போது ‘இருபத்தைந்து’, ‘இருபத்தாறு’ என்று சொல்லி முடிப்பதற்குள் கை பிந்திவிடும். ஒன்று முதல் பத்து வரை மும்முறை எண்ணினால் கணக்குச் சரியாகும். அதிலும் ‘இரண்டு’, ‘ஒன்பது’ என்று எண்ணுவதைவிட, ‘ரெண்டு’, ‘ஒம்போது’ என்னும் பேச்சு வழக்கே நாவுக்கு எளிது. பதுமையின் முன் அமரும்போது இலக்கணம் சற்றே விலகி நிற்கட்டும்.