கண்ணுக்குள் ஒரு முகத்துவாரம் – 9

சென்ற வாரம் ராபர்ட் ஹென்றி எலியட்டை எழும்பூர் கண் மருத்துவமனையில், கையில் சின்னஞ்சிறு துளைக்கருவியோடு விட்டுவிட்டு வந்தோம். ஆண்டு 1909. அவரிடம் திரும்புமுன் பழவேற்காடு போய்வந்துவிடலாம். வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான்.

ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் படகு தரை தட்டும். ஏரிக்குள் கடல்நீர் ஏறாது, இறால் குஞ்சும் வராது. ஊர்க்காரர்கள் மணலை வெட்டி வழிவிடுவார்கள். சில மாதங்களில் பழையபடி மேடு. "வெட்டறது எங்க வேலை சார், மூடறது கடலோட வேலை" என்றார் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர். கண் அழுத்த நோய் அறுவையின் நூறாண்டுக் கதையை இவ்வளவு சுருக்கமாக எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை.

கண்ணுக்குள்ளும் ஓயாமல் நீர் ஊறுகிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு மெல்லப் பட்டுப்போகும். அணியத்தில் நிற்பவருக்கு எதிர்க்கரை தெரியும், பக்கவாட்டில் வரும் படகு தெரியாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. 2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா குழுவினர் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். திறந்த கோண வகை நோய் கண்டவர்களில் 100க்கு 98 பேருக்கு அது தமக்கு இருப்பதே தெரியவில்லை.

எலியட் செய்தது முகத்துவார வேலைதான். கருவிழியும் வெள்விழியும் சேரும் விளிம்பில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு துளை. உள்ளே தேங்கிய நீர் மேல்படலத்துக்கு அடியில் கசிந்து, சிறு கொப்புளமாக எழும்பி, அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். 1913இல் அவர் புத்தகம் வெளிவந்தபின் சென்னைத் துளை உலகம் சுற்றியது. (இதே எலியட்தான் பிற்பாடு லண்டனில் மந்திரவித்தைக்காரர்கள் சங்கத்தின் குழுவுக்குத் தலைவராகி, இந்தியக் கயிற்று வித்தையைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு அறிவித்தவர். பரிசு கைமாறவே இல்லை.)

ஆனால் கண்ணுக்கு அது வடிகால் என்று யார் சொல்வது? அது அறிந்ததெல்லாம் காயம். காயம் என்றால் மூடவேண்டும். நார்ச்செல்கள் கூடும், பெருகும், தழும்பு இறுகும், கொப்புளம் தட்டையாகும். 1968இல் கேம்பிரிட்ஜின் ஜான் கெய்ர்ன்ஸ் துளைக்கு ஒரு மூடி வைத்தார். அறுவை பத்திரமானது, தழும்பு மட்டும் விடவில்லை. எண்பதுகளில் புற்றுநோய் மருந்துகள் வந்தன. மைட்டோமைசின் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்து எடுத்தால் செல்கள் அடங்கும். சில கண்களில் அளவுக்கு மேலேயே அடங்கி, கொப்புளத்தின் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து ஒழுகியது, கிருமிக்கும் வழிவிட்டது.

அப்போதுதான் பழைய தகடு ஒன்று நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரான்சியம்-90 பதித்த தகடு. வெயிலிலேயே பிழைப்பவர்களுக்குக் கருவிழி மேல் இறக்கை போல வளரும் சதையை வெட்டியபின், அது திரும்ப முளைக்காதிருக்க வைத்துப் பார்த்தது. அதன் பீட்டா கதிர் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. துளை போட்ட இடத்தில் சிறிது நேரம் ஒற்றினால் போதும். செல் சாகாது, பெருகுவதை நிறுத்திக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவில் இதைச் சீட்டுக் குலுக்கிய மாதிரிப் பிரித்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 10 கிரே கதிர், மற்றவர்களுக்கு வெறும் அறுவை. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் அறுவை தோற்கும் வாய்ப்பு கதிர் படாதவர்களில் 30 சதவீதம், பட்டவர்களில் 5.

கடலை ஜெயித்தாயிற்று என்றே தோன்றியது. ஆனால் இரண்டாம் ஆண்டுக்குள், கதிர் பட்ட கண்களில் சில மறுபடி மங்கத் தொடங்கின. அழுத்தம் ஏறவில்லை. துளை திறந்தே இருந்தது. அப்படியானால் மூடியது எது?

(அடுத்த வாரம்)