இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன, சனங்களை யாரும் கேட்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் வகுப்பில் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தது. பின்வாங்கில் இருந்த தோட்டத்துப் பிள்ளை எழும்பி, "எங்க தாத்தாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா சேர்?" என்றான். அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் வாக்களித்தனர். 1947 தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கு பிறந்தார், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' பிரஜாவுரிமைச் சட்டம். ஆகவே இது தோட்டத்தோடு மட்டும் நின்ற பிரச்சினை அல்ல. இந்தியாவிலிருந்து வந்து நகரங்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களையும் தொட்டது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாட்டுக்கு வந்தனர். நாடற்றவர் தொகை 975,000 எனக் கணக்கிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 150,000 பேரின் விடயம் பிறகு பார்க்கப்படும் என்றார்கள். 1974இல் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிகுதியை ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்தனர்.

இரு நாட்டு உறவு என்ற கணக்கில் பார்த்தால் இது வெற்றிதான். நீண்டகாலப் பிணக்கு சமாதானமாகத் தீர்ந்தது. ஆனால் அந்த மேசையில் தோட்டத்து மக்கள் சார்பில் ஒருவரும் இருக்கவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் இதனைக் கடுமையாக விமர்சித்தார். பின்னர் விண்ணப்பம் கோரியபோது, இங்கேயே இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கப்பட்ட 300,000ஐ விட மிக அதிகமாக இருந்தார்கள். கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கள் மூத்தவாப்பாவுக்கு டவுனில் சில்லறைக் கடை இருந்தது. போகிற குடும்பங்கள் கடைக்கு வந்து, கடன் கொப்பியில் இருந்த பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பயணம் சொல்லிப் போவார்களாம். "போறவன் கடன் வச்சிட்டுப் போகல்ல, நாடுதான் அவனுக்குக் கடன்" என்பார் அவர். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் கப்பல் சேவை நின்றபோது, போக வேண்டியவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். போனவர்களுக்கும் சுகம் இல்லை. தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கி வேலை கொடுத்தது. ஆனால் இங்கே 'இந்தியாக்காரன்' எனப்பட்டவர் அங்கே 'சிலோன்காரன்' ஆனார்.

கடைசியில் 2003இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை. திகதியைக் கவனித்தீர்களா? பிரித்து அனுப்பிய அதே நாள், சேர்த்துக்கொள்ளும் நாளாயிற்று. இடையில் 39 வருடங்கள்.

இன்று அதே இரு நாடுகளும் மலையகத்தில் வேறு மாதிரிக் கைகோர்த்திருக்கின்றன. இந்திய உதவியில் டிக்கோயாவில் வைத்தியசாலை எழும்பியது. 4,000 தோட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தில் பத்தடி அறையில் வளர்ந்த பிள்ளைக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது சின்ன விடயம் இல்லை. நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் அந்த மாணவனின் கேள்வி இன்னும் நிற்கிறது. வீடு எங்கே, காணி உறுதி யாருடைய பெயரில், கடிதம் தோட்டத்து ஒபீசுக்கா வீட்டு வாசலுக்கா? இவற்றை அங்கே வாழப்போகிறவரிடம் கேட்டுச் செய்தால்தான் அது அபிவிருத்தி. கேட்காமல் செய்தால் எவ்வளவு நல்ல திட்டமும் மேலே இருந்து எண்ணிக்கை பிரிக்கிற வேலைதான்.

எங்கள் டவுன் கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்தவை. அந்த வரலாறு எங்களுடையதும்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கப்பல் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை அதை வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.